துலாவும் தொண்டைமானாறும்: யாழ்ப்பாணக் குடாநாட்டின் நீர் வரலாறு

நாகரிகங்கள் ஆற்றங்கரைகளிலே தோன்றி வளர்ந்தன என்பது வரலாற்று நூல்கள் யாவும் கூறும் செய்தி. ஆறே இல்லாத ஒரு நிலத்தில் ஒரு மக்கட் கூட்டம் நூற்றாண்டுகள் பலவாக நெல்லும் புகையிலையும் வெங்காயமும் விளைவித்து, கோயில்களும் பள்ளிகளும் எழுப்பி, தனக்கெனத் தமிழ் மரபொன்றையும் பேணி வாழ்ந்த கதை அத்துணை விரிவாக எழுதப்பட்டதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கதை அத்தகையது. தெல்லிப்பழைப் பக்கமிருந்து அராலிக் கடலேரி நோக்கி மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றை விட்டால், ஆறு என்று சொல்லத்தக்கது இங்கு வேறில்லை. தொண்டைமானாறு, உப்பாறு எனப் பெயரளவில் ஆறாக நிற்பவை உண்மையில் கடலேரிகளும் அவற்றின் வாய்களுமேயாம்.

அவ்வாறாயின் இந்நிலத்து மக்கள் எதைக் குடித்து வாழ்ந்தனர்? எதைக்கொண்டு பயிர் வளர்த்தனர்? நம் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் கவிதையும் திறனாய்வும் நிறைந்திருக்க, நீரைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று அன்பர்கள் வினவக்கூடும். கிணறும் துலாவும் கேணியும் நம் கவிஞர்தம் படிமங்களாக இன்றும் வாழ்கின்றன. அப்படிமங்களின் பின்னே ஓர் அறிவு இருந்தது என்பதையும், அவ்வறிவை நாம் இழந்துகொண்டிருக்கிறோம் என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடல்மேல் மிதக்கும் நன்னீர்

குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். அதன்மேல் சில இடங்களில் செம்மண்ணும் சில இடங்களில் மணலும் போர்த்திருக்கின்றன. ஆண்டுதோறும் ஏறக்குறைய 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் வரை பெய்யும் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களின் வடகீழ்ப் பருவக்காற்றோடு வந்து முடிந்துவிடுகிறது. எஞ்சிய மாதங்களில் வானத்தை நம்ப இயலாது. மாரி மழையில் மண்ணுள் இறங்கும் பங்கு சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகிறது. வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, ஊர்காவற்றுறைத் தீவு ஆகிய நான்கு பகுதிகளிலும் இவ்வாறு நான்கு நிலத்தடி நீர்த்தேக்கங்கள் அமைந்துள்ளன.

இத்தேக்கங்களுக்கு அடியில் பாறைத் தட்டொன்று இருந்து நீரைத் தாங்கவில்லை. அடியில் இருப்பது கடல்நீரே. நன்னீர் உப்புநீரைவிட எடை குறைந்தது. ஆதலின் அதன்மேல் நடுவில் தடித்தும் கரையோரம் மெலிந்தும் ஒரு வில்லையின் வடிவில் மிதந்து நிற்கிறது. இத்தத்துவத்தை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்துப் பொறியியலாளர் பாடன் கைபனும், 1901இல் வடகடல் தீவுகளை ஆராய்ந்த ஜெர்மானியர் ஹெர்ட்ஸ்பர்க்கும் தனித்தனியே கணக்கிட்டுக் காட்டினர். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது அவர்கள் கண்ட கணக்கு. இதன் மறுபக்கமே நமக்கு முக்கியமானது. மேல்மட்டம் 1 அடி தாழ்ந்து அந்நிலையிலேயே நின்றுவிடின், கீழிருந்து உப்பு 40 அடி மேலெழும். பொந்துகள் நிறைந்த சுண்ணக்கல்லில் இக்கணக்கு அச்சொட்டாகப் பொருந்தாது. எனினும் எச்சரிக்கை ஒன்றே.

கணக்கு எழுதப்படுவதற்கு முன்னரே நம் மக்கள் இதைக் கதையாக அறிந்திருந்தனர். புத்தூருக்கு அண்மையில், நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணறு வற்றாதது என்பதும், அதை இராமபிரான் தன் அம்பினால் உண்டாக்கினான் என்பதும், அதில் இட்ட எலுமிச்சங்காய் கீரிமலைக் கேணியில் மிதந்து வரும் என்பதும் ஊரறிந்த ஐதிகங்கள். எலுமிச்சங்காய் வந்ததோ இல்லையோ, நிலத்தின் அடியில் வழிகள் உள்ளன, உள்நாட்டில் விழுந்த மழை கடற்கரையில் ஊற்றாக வெளிப்படுகிறது என்னும் உண்மை அக்கதைக்குள் பொதிந்திருக்கிறது. கடலின் ஓரத்தில், அலையொலி கேட்கும் தூரத்தில், கீரிமலைக் கேணியில் நன்னீர் சுரப்பதன் பொருள் இதுவே. நிலாவரையிலும் மேல்நீர் நன்னீராகவும் ஆழ்நீர் உவர்நீராகவும் இருத்தலை ஆய்ந்தோர் கண்டுள்ளனர். 1859இல் வெளிவந்த தமது 'சிலோன்' நூலில் எமர்சன் டெனன்ட் இக்கிணற்றை வியந்து எழுதியுள்ளார்.

இந்நிலத்தை 1658 முதல் 1795 வரை ஆண்ட ஒல்லாந்தரின் தாய்நாட்டிலும் இதே சிக்கல் இருந்தது. அம்ஸ்டர்டாம் நகரம் 1853 முதல் கடலோர மணற்குன்றுகளில் தேங்கிய மழைநீரைக் குழாய் வழியே பெற்றது. நகரம் பெருகப் பெருக எடுப்பு மிகுந்தது; உப்பு மேலெழுந்தது. 1957 முதல் ரைன் ஆற்று நீரைக் கொணர்ந்து மணற்குன்றுகளுள் இறக்கி, மணலே வடிகட்டியாக, அவ்வில்லையை மீண்டும் நிரப்பத் தொடங்கினர். எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தல் என்பதே அவர்கள் கற்ற பாடம். அவர்களுக்குக் கொடுக்க ஒரு பேராறு இருந்தது. நமக்கு இருந்தது மூன்று மாத மழை மட்டுமே.

துலாவின் கணக்கு

மூன்று மாத மழையைக்கொண்டு பன்னிரு மாதமும் வாழ வேண்டுமாயின், இரண்டு காரியங்கள் வேண்டும். விழுந்த நீர் கடலுக்கு ஓடாமல் தடுக்க வேண்டும். இறங்கிய நீரை அளவோடு எடுக்க வேண்டும். முன்னதைக் குளமும் கேணியும் வயல் வரம்பும் செய்தன. பின்னதைத் துலா செய்தது.

துலாவை அறியாத இளைய தலைமுறையினர் இன்று பலர். கிணற்றருகே நாட்டிய ஆடுகாலின்மேல் நீண்ட மரமொன்று ஏறி இறங்கும்படி பொருத்தப்பட்டிருக்கும். அதன் ஒரு முனையில் துலாக்கொடியும், கொடியின் நுனியில் பனையோலைப் பட்டையும் தொங்கும். தோட்ட இறைப்பில் ஒருவரோ இருவரோ துலாவின்மேல் முன்னும் பின்னும் நடப்பர். கீழே நிற்பவர் பட்டையைக் கோலி வாய்க்காலில் ஊற்றுவார். இன்னொருவர் பாத்திக்குப் பாத்தி நீரை மாற்றுவார். என் பாட்டனாரின் தோட்டத்தில் விடிவெள்ளி தோன்றும் வேளையில் இறைப்புத் தொடங்கும். வெயில் ஏறுமுன் துலா ஓய்ந்துவிடும். "கிணறு ஊறட்டும்" என்பார் பாட்டனார். மறுநாள் அதே கிணற்றில் அதே மட்டத்தில் நீர் நிற்கும்.

இங்குக் கருத வேண்டியது யாதெனில், மனித உடலின் களைப்பே எடுப்பின் எல்லையாக அமைந்தது. எத்துணை ஆசைப்பட்டாலும் ஒரு குடும்பம் ஒரு காலையில் இறைக்கக்கூடிய பட்டைகளுக்கு ஓர் எல்லை உண்டு. இறைப்புப் பாட்டு அப்பட்டைகளை எண்ணிக்கொண்டே சென்றது. ஒரு கிணற்றைப் பல குடும்பங்கள் பங்காகக் கொண்டிருந்த இடங்களில் முறைவைத்து இறைத்தனர். காணி உறுதிகளில் நிலத்தின் எல்லையோடு கிணற்றுப் பங்கும், வழி வாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டமை இதனாலேயே. நீர் ஒருவர் காணிக்குள் இருப்பினும் ஒருவருக்கே உரியதன்று என்பதைச் சட்டமும் வழக்கமும் ஒருங்கே ஏற்றிருந்தன.

மறுபுறம், ஆயிரத்தை அண்டிய குளங்களும் கேணிகளும் குடாநாடெங்கும் பரந்து கிடந்தன. கோயிலுக்கு ஒரு கேணி, தரவைக்கு ஒரு குளம், மாடு நீரருந்தும் துறையருகே ஆவுரோஞ்சிக்கல், வழிப்போக்கனுக்குச் சுமைதாங்கி என அமைந்த ஒழுங்கு, அறச்செயலாகவே கருதப்பட்டது. ஆனால் அதன் பயன் அறத்தோடு நிற்கவில்லை. ஒவ்வொரு குளமும் மாரியில் நிறைந்து, அடியிலுள்ள வில்லைக்குச் சொட்டுச் சொட்டாக நீர் ஊட்டும் வாயாக இருந்தது. கோடையில் குளத்தைத் தூர்வாரி, வண்டலை வயலுக்கு எடுத்துச் சென்றபோது, மண் வளம் பெற்றது. குளத்தின் அடியும் திறந்தது. வயலைச் சுற்றி வரம்பு உயர்த்தி மழைநீரை நிறுத்தியதும் நெல்லுக்காக மட்டுமன்று; கிணற்றுக்காகவும் தான்.

யாருடைய கிணறு?

பழைமையைப் போற்றும்போது அதன் கறையை மறைத்தல் வரலாற்றெழுத்துக்கு அழகன்று. மேற்கூறிய ஒழுங்கு எல்லார்க்கும் பொதுவாக இருக்கவில்லை. துலா மிதித்த கால்களுள் பல, அக்கிணற்றில் தாமாக நீர் அள்ள அனுமதிக்கப்படாதவர்களின் கால்கள். ஒடுக்கப்பட்ட சாதியினர் குடத்தோடு கிணற்றடியில் காத்து நின்று, மேல்சாதியார் யாரேனும் வந்து ஊற்றினால் மட்டுமே கொண்டு சென்ற காலம் வெகு தொலைவிலில்லை. கே. டானியல் தம் நாவலொன்றுக்குத் 'தண்ணீர்' என்றே பெயரிட்டமை தற்செயலன்று. குடாநாட்டின் நீர் வரலாற்றை எழுதப் புகுவோர் பொறியியல் அறிக்கைகளோடு அந்நாவலையும் மேசைமேல் வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

இதைக் கூறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நிலத்தடி நீர் சாதி அறியாது. ஒருவர் கிணற்றில் மிகுதியாக இறைத்தால் அடுத்தவர் கிணறு சவர்படும். ஒருவர் மலக்குழியிலிருந்து கசிவது இன்னொருவர் குடத்தில் சேரும். மேலே வேலி இட்டுப் பிரித்துக்கொண்ட மக்கள் கீழே ஒரே நீரைக் குடித்துக்கொண்டிருந்தனர். இவ்வுண்மையை உணர்ந்திருப்பின், வேலிகளும் கிணற்றுக்கட்டுகளும் வேறுவிதமாக அமைந்திருக்கும்.

ஆறுமுகம் கண்ட ஆறு

இருபதாம் நூற்றாண்டில் இம்மரபறிவு பேரளவிலான பொறியியற் சிந்தனையாக உருவெடுத்தது. அச்சிந்தனையின் மையம் கடலேரிகள். வடமராட்சிக் கடலேரி ஏறக்குறைய 30 சதுரமைல் பரப்புடையது. உப்பாற்றுக் கடலேரி ஏறக்குறைய 10 சதுரமைல். மாரியில் இவற்றில் நன்னீர் பெருகுகிறது. பின் தொண்டைமானாற்று வாயிலும் அரியாலையிலும் கடலுக்கு ஓடிவிடுகிறது. கோடையில் கடல்நீர் அதே வாய்களால் உள்ளே புகுந்து, ஏரியையும் அண்டைக் கிணறுகளையும் உவர்ப்பாக்குகிறது. வாய்களில் கதவிட்டு, மாரி நீரை நிறுத்திக் கடல்நீரை மறித்தால், ஆண்டுகள் செல்லச் செல்ல ஏரி இனிக்கும். ஏரி இனித்தால் அருகிலுள்ள நிலத்தடி நீரும் இனிக்கும். இதுவே அடிப்படை எண்ணம்.

தொண்டைமானாற்றுத் தடுப்பணையின் பணி 1947இல் தொடங்கி 1953இல் நிறைவுற்றது. அரியாலைத் தடுப்பணை 1955இல் முடிந்தது. இதற்கிடையே 1954இல் நீர்ப்பாசனத் திணைக்களப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம், 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்று பின்னர் அறியப்பட்ட திட்டத்தை முன்வைத்தார். வன்னியிலிருந்து கனகராயன் ஆறு முதலியன ஆனையிறவுக் கடலேரியில் வந்து விழுகின்றன. அவ்வேரியின் மேற்கு வாயை ஆனையிறவிலும், கிழக்கு வாயைச் சுண்டிக்குளத்திலும் அடைத்து நன்னீர் ஏரியாக்குதல். பின் முள்ளியானில் ஏறக்குறைய இரண்டரை மைல் நீளக் கால்வாய் வெட்டி அந்நீரை வடமராட்சிக் கடலேரிக்குக் கொணர்தல். அங்கிருந்து உப்பாறு வரை பரவச் செய்தல் என்பது அத்திட்டத்தின் சாரம். மலையைக் குடைய வேண்டியதில்லை, பெருங்குழாய்கள் வேண்டியதில்லை. நிலம் தானே வகுத்துவைத்த பள்ளங்களில் நீரை இருக்கச் செய்தலே போதும்.

இவ்விடத்தில் புறநானூற்றின் 18ஆம் பாட்டு நினைவுக்கு வருதல் இயல்பு. பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் கூறிய அறிவுரை அது: நிலம் பள்ளமாகக் குழிந்த இடங்களில் நீரைத் தேக்குவோரே நிலைபெற்ற புகழைத் தேக்குவோர் என்பது அதன் கருத்து. பள்ளத்தை நோக்குக என்று புலவர் அரசனுக்குக் கூறினார். ஆறுமுகம் அதையே வரைபடமாக்கி அரசுக்குக் காட்டினார்.

திட்டம் முழுமையுறவில்லை. 1960களில் ஆனையிறவுப் பக்கத்துப் பணிகள் சில செய்யப்பட்டன. முள்ளியான் கால்வாய் முடிவுறாமல் நின்றது. சுண்டிக்குளத்துக் கட்டு வெள்ளத்தில் உடைந்தது. தடுப்பணைகளின் மரப்பலகைகள் உக்கி, கடல்நீர் மீண்டும் உட்புகுந்தது. பின்னர் வந்த போர் ஆனையிறவை உலகறிந்த பெயராக்கியது. ஆனால் ஏரியாக அன்று, போர்க்களமாக. 2009இல் போர் முடிந்த பின் தடுப்பணைகளைப் புதுப்பிக்கும் பணிகளும், ஆறுமுகத்தின் திட்டத்தை மீட்டெடுக்கும் பேச்சுகளும் மீண்டும் எழுந்தன.

திட்டத்தை ஆதரிப்போர் ஒன்றை மறத்தலாகாது. கடலேரி வெற்றிடமன்று. இறால் பிடிக்கும் தொழிலாளரின் வயலும் அதுவே. வலசை வரும் பறவைகளின் தங்குமிடமும் அதுவே. உவர்நீர் நன்னீராக மாறும்போது அவர்தம் வாழ்வு மாறும். விவசாயிக்கு இனிக்கும் நீர் மீனவருக்குக் கசக்கக்கூடும். கதவுகளை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதைத் தீர்மானிக்கும் அவையில் இருவரும் அமர்ந்திருத்தல் வேண்டும். கிணற்றடியில் நாம் இழைத்த தவற்றை ஏரிக்கரையில் மீண்டும் இழைத்தலாகாது.

இயந்திரம் வந்த பின்

மண்ணெண்ணெயால் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரங்கள் சுதந்திரத்துக்குப் பிந்திய இரு பத்தாண்டுகளில் பரவின. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தபோது, இயந்திரமில்லாத தோட்டம் அரிதாயிற்று. உழைப்பின் கொடுமை குறைந்தது. துலாவிலிருந்து விழுந்து முடமானோரின் கதைகள் நின்றன. இதைக் குறைத்து மதிப்பிடுவது துலா மிதிக்காதவர்களுக்கே இயலும். ஆனால் இயந்திரத்துக்குக் களைப்பு இல்லை. ஊறட்டும் என்று நிறுத்தும் குரல் போயிற்று. கரையோரத் தோட்டக் கிணறுகள் பல சவர்பட்டன. கூடவே இரசாயன உரமும் வந்தது. சுண்ணக்கல் வடிகட்டுவதில்லை; விடுவதையெல்லாம் விரைந்து கீழே இறக்கிவிடும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் இவ்வளவு தாண்டப்பட்டமையை ஆய்வுகள் காட்டின. உரத்தோடு நெருக்கமான மலக்குழிகளும் இதற்குக் காரணம்.

இரண்டு நிகழ்வுகள் இவ்வில்லையின் நொய்மையை எல்லார்க்கும் உணர்த்தின. 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை கிழக்குக் கரையோரக் கிணறுகளை உப்பால் நிரப்பிற்று. உதவ வந்தோர் இயந்திரம் கொண்டு கிணறுகளை இறைத்து இறைத்துத் துப்புரவாக்கினர். இறைக்க இறைக்கக் கீழிருந்த உப்பே மேலெழுந்தது. மிகுதியாக இறைக்க வேண்டாம் என அறிஞர்கள் எச்சரிக்க நேர்ந்தது. இறுதியில் அக்கிணறுகளை ஆற்றியது அடுத்தடுத்த மாரிகளே. மற்றையது சுன்னாகத்தில் நிகழ்ந்தது. மின்நிலையமொன்றின் கழிவெண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளில் கலந்த செய்தி 2010களின் நடுப்பகுதியில் ஊரையே உலுக்கியது. 2019இல் இலங்கை உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கப் பணித்தது. நிலத்துக்குக் கீழே அனைவர்க்கும் ஒரே நீர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தட்டுப்பாட்டைத் தீர்க்க வெளியே நோக்கினோர் முதலில் இரணைமடுவை நோக்கினர். கிளிநொச்சி விவசாயிகள் தம் வயல்களுக்கு என்ன வழி என்று வினவினர். அவர்தம் வினா நியாயமானதே. பின்னர் கடலை நோக்கினர். தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறந்துவைக்கப்பட்டது. குடிநீர் இன்றி வருந்தும் மக்களுக்கு அது தேவையே. ஆயினும் குழாயில் நீர் வரும் நாள் முதல், கிணற்றைக் காக்கும் கடமை தீர்ந்தது என்று எண்ணத் தொடங்குவோமாயின், குடாநாடு தன் அடித்தளத்தை மறந்ததாகும். தோட்டத்துக்குக் கடல்நீரைக் காய்ச்சி ஊற்ற எவராலும் இயலாது.

முடிவாகச் சில சொற்கள்

துலாவுக்குத் திரும்புவோம் என்று இக்கட்டுரை கூறவில்லை. திரும்ப இயலாது, திரும்ப வேண்டியதுமில்லை. துலா அறிந்திருந்த கணக்குக்குத் திரும்ப இயலும். விழும் மழைக்கு இடம் கொடுத்தல், குளங்களைத் தூர்வாருதல், நிரப்பப்பட்ட கேணிகளை மீட்டல், வெள்ளவாய்க்காலைக் கடலுக்கு நேரே விடாமல் குளத்துக்குத் திருப்புதல், கடலேரிக் கதவுகளைப் பொறுப்போடு பேணுதல், இறைப்புக்கு ஓர் அளவு வகுத்தல் ஆகிய இவை எவையும் புதியன அல்ல. இந்நிலத்தின் இயல்பே இவற்றைக் கற்பித்தது. செலவும் ஒப்பீட்டளவில் சிறிதே. வேண்டுவது கூட்டுப் பொறுப்பு ஒன்றே.

கவிஞர்களாகிய நமக்கு இதில் என்ன பங்கு என்று கேட்பின், ஒன்று உண்டு. கேணி, துரவு, மடு, ஊற்று, ஆடுகால், துலாக்கொடி, பட்டை, ஆவுரோஞ்சி ஆகிய சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு செயலின் பெயர். குளம் நிரப்பப்பட்டுக் கட்டடம் எழும்போது, நிலம் மட்டும் மாறுவதில்லை; அக்குளத்தைக் குறித்த சொல்லும் அகராதிக்குள் ஒதுங்கிவிடுகிறது. சொல் போனபின் அப்பொருளைக் காக்கக் கோரி நிற்க நமக்கு மொழியும் இராது. ஆதலின் நம் வட்டத்தின் அடுத்த பத்தாண்டில், அன்பர் ஒவ்வொருவரும் தம் ஊர்க் குளங்களின் பெயர்களையும் கேணிகளின் இருப்பிடங்களையும் நீர்சார்ந்த வழக்குச் சொற்களையும் முதியோரிடம் கேட்டு எழுதி வைத்தல் நன்று. யார் அக்குளத்தில் இறங்க முடிந்தது, யாரால் முடியவில்லை என்பதையும் உடன் எழுதுக. அவ்வேடு கவிதைக்கும் உதவும்; ஒருநாள் குளத்தை மீட்கச் செல்வோருக்குச் சான்றாகவும் உதவும்.

பாட்டனாரின் கிணறு இன்றும் இருக்கிறது. துலா இல்லை. ஆடுகால் நாட்டிய இடத்தில் இரண்டு கற்கள் மட்டும் எஞ்சியுள்ளன. சென்ற மாரியின் பின் எட்டிப் பார்த்தபோது நீர் மேலே நின்றது. அள்ளிக் குடித்தேன், இனித்தது. சித்திரையிலும் அது இனிக்குமா என்பது அக்கிணற்றின் கையில் இல்லை.